மகள் பொதுச் சுகாதார ஆய்வுக்குப் போகட்டுமா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம்.

கடன் வாங்கி பி.எஸ்சி. நர்சிங் படிக்க வைத்தீர்கள். மகளோ ஆஸ்பத்திரி வேலை வேண்டாம், பொதுச் சுகாதார ஆய்வுதான் வேண்டும் என்கிறாள். உங்கள் கவலை நியாயமானது. ஆனாலும் அவளைத் தடுக்காதீர்கள்.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் வந்தவர்களின் பெயர்தான் இருக்கும். வராதவர்கள் யார், ஏன் வரவில்லை, அவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப்போய்க் கண்டறிவதே இந்த வேலை. பேறுகால மரணங்களை ஆராய்பவர்கள் மூன்று தாமதங்களைப் பார்ப்பார்கள்: கிளம்ப முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில். 2022இல் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. மூன்றாவது தாமதத்துக்கு அது பெரிய உதவி. ஆனால், கணவர் கடலுக்குப் போயிருக்கும் இரவில் வலி கண்ட பெண் யாரைக் கேட்டுக் கிளம்புவாள்? பாம்பன் பக்கம் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடல்பாசி எடுக்கும் பெண், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எப்போது மருத்துவரைப் பார்ப்பாள்? இதையெல்லாம் அவர்களிடம் உட்கார்ந்து கேட்க, அந்தக் கரையின் பேச்சும் பழக்கமும் தெரிந்தவர் வேண்டும். உங்கள் மகளிடம் அது இருக்கிறது.

2001 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்து ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அவர்களை ஏன் சிகிச்சை எட்டவில்லை என்று முன்பே ஒருவர் ஊர் ஊராகக் கேட்டிருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் அடங்கவில்லை.

இதற்கான படிப்பு எம்.பி.எச்., அதாவது பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு, இரண்டு ஆண்டுகள். சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் இரண்டையும் பாருங்கள். தகுதி, கட்டணம், பணி அனுபவம் பற்றி அந்தந்த ஆண்டு அறிவிக்கையை மட்டும் நம்புங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆய்வுப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகளே. திட்டத்தின் நிதி முடிந்தால் வேலையும் முடியும். ஆகவே முதலில் இரண்டு ஆண்டு அவள் செவிலியராக வேலை பார்க்கட்டும். கடனும் குறையும், நோயாளிகளின் குடும்பங்களையும் நெருங்கி அறிவாள். அதுவரை மாலை நேரத்தில் புள்ளியியல் படிக்கட்டும். தேசிய குடும்பநல ஆய்வின் 2019–21 ராமநாதபுரம் மாவட்டத் தகவல் அறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு எண்ணையும் ‘இதில் விடுபட்டவர் யார்?’ என்று கேட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

எம்.பி.எச். சேர்ந்த பிறகும் நர்சிங் கவுன்சில் பதிவு காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளட்டும். ஒப்பந்தங்களுக்கு இடையே சம்பளம் நிற்கும் மாதங்களில் அதுதான் கைகொடுக்கும்.