சர்க்கரையிலிருந்து ரசாயனம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் வேதிப்பொருள்களை எல்லாம் இனித் தாவரங்களிலிருந்தே செய்துவிடலாம் என்கிறார்கள். இந்தத் துறை உண்மையிலேயே வளருமா?

பதில்: வளரும், ஆனால் எல்லாப் பொருள்களிலும் ஒரே வேகத்தில் வளராது. எந்தப் பொருள் என்று கேட்காமல் இந்தத் துறையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணம் பள்ளிக்கூட வேதியியல் கணக்கிலேயே இருக்கிறது. 180 கிலோ குளுக்கோஸை ஈஸ்ட் கொண்டு நொதிக்க வைத்தால், துளியும் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 92 கிலோ எத்தனால்தான் கிடைக்கும்; மீதி 88 கிலோ கரியமில வாயுவாக வெளியேறிவிடும். அந்த எத்தனாலிலிருந்து நீரைப் பிரித்து, பாலித்தீனின் மூலப்பொருளான எத்திலீன் ஆக்கினால் கையில் நிற்பது 56 கிலோ. காசு கொடுத்து வாங்கிய சர்க்கரையின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட பாலித்தீனுக்குப் போய்ச் சேர்வதில்லை. அதே 180 கிலோ குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக மாற்றினால், கணக்குப்படி 180 கிலோவும் கிடைக்க வேண்டும். பிளாஸ்டிக் போன்றவற்றுக்கு மூலப்பொருளாகும் சக்சினிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர் கரியமில வாயுவையும் சேர்த்து உட்கொள்வதால், அங்கே கிடைக்கும் பொருளின் எடை சர்க்கரையின் எடையைவிடச் சற்றுக் கூடவும் வாய்ப்புண்டு.

சர்க்கரையின் எடையில் பாதிக்கு மேல் ஆக்சிஜன். அதை நீக்கிவிட்டுப் பெட்ரோலியம் தருகிற அதே ஹைட்ரோகார்பனை (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள பொருளை) செய்ய முயலும்போது, ஏற்கெனவே மலிவாகக் கிடைக்கும் பொருளோடு தாவரம் போட்டியிட நேர்கிறது. ஆக்சிஜனைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் அமிலங்கள், ஆல்கஹால்கள், பாலியெஸ்டர்கள் ஆகியவற்றில்தான் தாவரத்தின் கை ஓங்குகிறது. பூஞ்சையைக் கொண்டு நொதித்தல் முறையில் தயாரிக்கப்படும் சிட்ரிக் அமிலம் 1919இலேயே தொழிற்சாலைக்கு வந்துவிட்டது. இன்றும் உலகின் தேவை ஏறக்குறைய முழுவதும் அந்த வழியில்தான் நிறைவேறுகிறது. ஹைட்ரோகார்பன் பக்கத்திலும் விதிவிலக்கு இல்லாமல் இல்லை. பிரேசிலின் பிராஸ்கெம் நிறுவனம் 2010இல் கரும்பு எத்தனாலிலிருந்து ஆண்டுக்கு 2,00,000 டன் பாலித்தீன் செய்யும் திறனுடன் தொடங்கிய ஆலை இன்றும் ஓடுகிறது. ஆனால் அதற்கு அந்த நாட்டின் மலிவான எத்தனாலும், சற்றுக் கூடுதல் விலை தர முன்வரும் வாடிக்கையாளர்களும் தேவைப்படுகிறார்கள்.

கேள்வி: பெரிய எதிர்பார்ப்போடு திறக்கப்பட்ட ஆலைகள் பல மூடப்பட்டுவிட்டனவே, ஏன்?

பதில்: தொழில்நுட்பம் தோற்றதால் மட்டும் அவை மூடப்படவில்லை. கனடாவின் சார்னியா நகரில் பயோஆம்பர் நிறுவனம் ஆண்டுக்கு 30,000 டன் சக்சினிக் அமிலம் தயாரிக்கும் ஆலையை 2015இல் திறந்து, 2018இல் திவால் நிலையை அடைந்தது. ஆலைக்குத் திட்டம் தீட்டப்பட்ட காலத்தில் கச்சா எண்ணெய் பீப்பாய் ஒன்றுக்கு 100 டாலருக்கு மேல் விற்றது. 2016 தொடக்கத்தில் அது 30 டாலருக்கும் கீழே இறங்கியது. அதைவிடப் பெரிய இடர், சக்சினிக் அமிலத்துக்கு அந்த அளவில் வாங்குவோர் அப்போது உருவாகியிருக்கவில்லை என்பது. சந்தை வரும் என்று நம்பி முதலில் ஆலையைக் கட்டிய நிறுவனங்கள்தாம் இந்தத் துறையில் பெரிதும் அடிபட்டன.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் டூபாண்ட் நிறுவனமும் டேட் அண்ட் லைல் நிறுவனமும் சேர்ந்து 2006இல் தொடங்கிய புரோப்பேன்டையால் ஆலை இதற்கு நேர்மாறானது. மக்காச்சோளச் சர்க்கரையிலிருந்து மரபணு மாற்றிய பாக்டீரியா செய்து தரும் அந்தப் பொருளை, டூபாண்ட் தன் சொந்தப் பாலியெஸ்டர் இழைக்கே மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது. வாங்குபவர் யார் என்பது அங்கே முதல் நாளிலேயே முடிவாகியிருந்தது.

அரசுக் கொள்கையையும் சொல்லத்தான் வேண்டும். பெட்ரோலில் எத்தனால் கலக்க வேண்டும் என்று பல நாடுகள் சட்டம் போட்டுள்ளன. வேதிப்பொருள்களுக்கு அப்படிப்பட்ட கட்டாயம் பெரும்பாலும் இல்லை. எரித்துவிடும் பொருளுக்கு உள்ள ஆதரவு, ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கும் பொருளுக்கு இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கேள்வி: தாவரத்திலிருந்து வந்த பிளாஸ்டிக் என்றால் மண்ணில் மக்கிவிடும்தானே?

பதில்: இல்லை. கரும்பிலிருந்து வந்த பாலித்தீனும் பாலித்தீன்தான், அது மக்காது. லாக்டிக் அமிலத்திலிருந்து வரும் பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) என்ற பிளாஸ்டிக் மக்கும் என்றாலும், அதற்குச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலவும் தொழிற்கூட உரக்கிடங்கு தேவை. ஒரு பொருளின் கார்பன் தாவரத்திலிருந்து வந்ததா என்பதைக் கார்பன்-14 சோதனை சொல்லிவிடும். கார்பன்-14 என்பது உயிருள்ள தாவரங்களில் சிறிதளவு இருக்கும், காலப்போக்கில் சிதையும் கதிரியக்கக் கார்பன். பல கோடி ஆண்டுப் பழமையான பெட்ரோலியத்தில் அந்தக் கார்பன் முற்றாகச் சிதைந்து போயிருக்கும்.

கேள்வி: உணவுக்கான நிலத்தை இந்த ஆலைகள் விழுங்கிவிடாதா? வைக்கோலையும் மரத்தூளையும் ஏன் பயன்படுத்துவதில்லை?

பதில்: நியாயமான அச்சம். இன்று வேதிப்பொருள்களுக்காகச் செலவாகும் சர்க்கரையும் மாவுச்சத்தும், எரிபொருளுக்குப் போவதோடு ஒப்பிட்டால் சிறிய அளவே. ஆனால் துறை பெருத்தால் அந்த நிலை மாறும். வைக்கோலிலும் மரத்திலும், சர்க்கரைகளால் ஆன செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், அவற்றைப் பிணைத்து உறுதி தரும் லிக்னின் மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்க வெப்பமும் ரசாயனமும் நொதிகளும் செலவாகின்றன. இத்தாலியின் கிரெசென்டினோவில் 2013இல் திறக்கப்பட்ட வைக்கோல் எத்தனால் ஆலை 2017இல் நின்றுபோய், பிறகு வேறு கைக்கு மாறியது.

உயிரிச் சுத்திகரிப்பு ஆலை என்ற பெயருக்கு உரியது, இந்த மூன்றையுமே விற்பனைப் பொருளாக மாற்றும் ஆலைதான். நார்வேயின் சார்ப்ஸ்போர்க் நகரிலுள்ள போரெகார்ட் ஆலை ஸ்புரூஸ் மரத்திலிருந்து சிறப்பு வகைச் செல்லுலோஸ், எத்தனால், சிமென்ட் கலவைக்கு உதவும் லிக்னின் பொருள்கள், ஐஸ்கிரீமுக்கு மணம் தரும் வனிலின் ஆகியவற்றை எடுக்கிறது. பிற ஆலைகள் கொதிகலனில் போட்டு எரிக்கும் லிக்னினுக்கு அங்கே விலை உண்டு. ஜெர்மனியின் லாய்னாவில் யுபிஎம் நிறுவனம், பீச் மரத்திலிருந்து கிளைக்கால்களும் (பாலியெஸ்டர் போன்றவற்றுக்கு மூலப்பொருளாகும் ஆல்கஹால் வகை) ரப்பருக்கான லிக்னின் நிரப்பிகளுமாக ஆண்டுக்கு 2,20,000 டன் பொருள்களை எடுக்கும் திட்டத்தோடு கட்டிய ஆலையை நான் மிகுந்த ஆவலோடு கவனித்து வருகிறேன். நேரடியாக மரத்திலிருந்து தொடங்கும் முறை அத்தனை பெரிய அளவில் நிலைபெற்றால், உணவுப் பயிரைத் தொடாமலே இந்தத் துறை விரிய முடியும்.

கேள்வி: நான் வேதிப் பொறியியல் மாணவி. இந்தத் துறையில் நுழைய எதில் ஆழமாகப் படிக்க வேண்டும்?

பதில்: பிரித்தெடுத்தலைப் படியுங்கள். மரபணுப் பொறியியல் எல்லோரையும் ஈர்க்கிறது. ஆனால் நொதிகலனிலிருந்து வெளிவருவது பெரும்பகுதி தண்ணீர்தான், அதிலிருந்து பொருளைத் தூய்மையாக எடுப்பதில்தான் செலவின் பெரும்பங்கு போகிறது. லாக்டிக் அமிலத்தையே பாருங்கள். அமிலம் சேரச் சேர பாக்டீரியா தாங்காது என்பதால் சுண்ணாம்பு இட்டு நடுநிலைப்படுத்துகிறார்கள். பிறகு கந்தக அமிலம் ஊற்றி லாக்டிக் அமிலத்தை மீட்கிறார்கள். விளைவாக, ஒரு டன் லாக்டிக் அமிலத்தோடு ஏறக்குறைய ஒரு டன் ஜிப்சமும் சேர்ந்து வெளிவருகிறது. அமிலத்தைத் தாங்கி வளரும் ஈஸ்ட் வகைகள், சவ்வு வழிப் பிரிப்பு, மின்கூழ்மப்பிரிப்பு (மின்சாரத்தின் உதவியால் அயனிகளைச் சவ்வு வழியே பிரித்தல்) என்று பல வழிகளில் இந்த ஜிப்சத்தைத் தவிர்க்க முயற்சிகள் நடக்கின்றன. உங்கள் இறுதியாண்டு ஆய்வுக்கு இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ பொருளுக்கு எவ்வளவு நீராவியும் மின்சாரமும் செலவாகின்றன என்ற கணக்கை அதில் கட்டாயம் சேருங்கள்.