அகராதியில் அண்டை வீட்டார்

கேள்வி: ஆங்கில அகராதியில் 'ஸ்டேஷனரி' என ஒரே ஒலியுடைய இரண்டு சொற்கள் அருகருகே உள்ளன. அவை தொடர்புடையவையா?

பதில்: தொடர்புடையவையே. ஈற்றிலிருந்து மூன்றாம் எழுத்தாக 'ஏ' (a) வருவது 'நகராமல் நிற்கும்' என்ற பெயரடை. இயற்பியலில் நிலை அலையைக் குறிக்க ஆளப்படுவது இதுவே. அவ்விடத்தில் 'இ' (e) வருவது தாள், உறை, பேனா முதலிய எழுதுபொருள்களைச் சுட்டும் பெயர்ச்சொல்.

இவற்றை இணைக்கும் 'ஸ்டேஷனர்' என்ற சொல், அகரவரிசையிலும் சரியாக இரண்டுக்கும் நடுவில் நிற்பதை அவசியம் கவனியுங்கள். இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகத் திரிந்து விற்றவர்களே மிகுதி என்பதால், பாரிஸ், பொலோனா போன்ற பல்கலைக்கழக நகரங்களில் நிலையான கடை வைத்து நூல்களை விற்றும், படியெடுக்க ஏடுகளை வாடகைக்குத் தந்தும் வந்தவர்கள், நிலைத்திருத்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் அழைக்கப்பட்டனர். லண்டனில் இவ்வணிகர்களின் சங்கம் 1557இல் அரச சாசனம் பெற்றது. அவர்கள் விற்ற பொருளுக்கே பின்னர் அவர்கள் பெயர் ஆகிவந்தது.

எழுத்துக்கூட்டலில் ஐயம் வந்தால், 'பேக்கர்' என்பதிலிருந்து 'பேக்கரி' வருவதுபோல் 'ஸ்டேஷனர்' என்பதிலிருந்து கடைப்பொருளின் பெயர் வருகிறது என்று கொள்ளுங்கள். இரண்டிலும் 'இ' மாறாமல் நிற்கும். ஒலியை மட்டும் நம்பி மனப்பாடம் செய்வதைவிட இதுவே உறுதியான வழி.