உல்லன் என்றுதான் சொன்னார்கள்

தாத்தா காலத்து ஸ்வெட்டர்களைப் பழைய பின்னல் தாள்களைப் பார்த்து மறுபடி பின்னும் ஆசை ஏற்காட்டிலிருந்து சேலம்வரை இறங்கிவிட்டது போலும். இந்த வாரக் கடிதங்கள் எல்லாமே அதைப் பற்றித்தான். சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: 1940களில் அச்சான பிரிட்டிஷ் தாளில் 'ஊசி எண் 8' என்றிருந்தது. அமெரிக்காவிலிருந்து 8ஆம் எண் ஊசியே வரவழைத்தேன். பின்னி முடித்த கையில்லாத ஸ்வெட்டருக்குள் கணவரோடு மைத்துனரும் நுழையலாம். ஊசியைத் திருப்பித் தர முடியுமா?
– நாகலூர் வாசகி

பதில்: முடியாது. ஊசி என்ன பாவம் செய்தது? பழைய பிரிட்டிஷ் 8 என்றால் 4 மி.மீ.; அமெரிக்க 8 என்றால் 5 மி.மீ. பிரிட்டிஷ் கணக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும்; 14 என்பது வெறும் 2 மி.மீ. அமெரிக்கக் கணக்கில் தடிக்கும். எந்த ஊசியானாலும் மி.மீ. பார்த்து வாங்குங்கள். நான்கு அங்குலச் சதுரம் ஒன்றைப் பின்னி அளந்து பார்க்க ஒரு மாலைப்பொழுது போதுமே அம்மா, முழு ஸ்வெட்டரையும் பின்னிவிட்டா அளப்பது?

கேள்வி: 'எட்டு அவுன்ஸ் நூல்' என்கிறது தாள். எத்தனை கண்டு வாங்குவது?
– அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: எட்டு அவுன்ஸ் 227 கிராம். 50 கிராம் கண்டு ஐந்து. லேபிளில் ஒரே சாய எண் உள்ளதாகப் பார்த்து ஆறாவதையும் இப்போதே வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் போனால் நீலம் வேறு நீலமாக இருக்கும்.

கேள்வி: கண்காட்சிக் கடையில் 'நூறு சதவீதம் கம்பளி' என்று எழுதி விற்ற நூலை 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். தொட்டுப் பார்த்த அம்மா, பிளாஸ்டிக் என்கிறார். கடைக்காரர், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார். வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது.
– அம்மாப்பேட்டை வாசகி

பதில்: பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தர வேண்டும். நான் பில்லே வாங்கவில்லை. பழைய கிரிக்கெட் ஸ்வெட்டர் ஒன்றைப் பின்ன, சந்தன நிறத்தில் 'அசல் உல்லன்' வாங்கினேன். பில் போட்டால் வரி சேரும் என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றேன் நான். ஒன்பது வாரம் பின்னினேன். ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்ததும், புடைத்து நின்ற முறுக்குப் பின்னல் அப்பளமாகப் படுத்துவிட்டது. கம்பளி என்றால் ஆவியில் அழகாக அமரும். அக்ரிலிக் என்ற செயற்கை நூல் சூட்டில் செத்துப்போகும்.

நம் கடைகளில் ஊசியில் பின்னுகிற எந்த நூலுக்கும் 'உல்லன்' என்றே பெயர். அதில் பெரும்பாலானவை பெட்ரோலியத்திலிருந்து பிறந்தவை. அக்ரிலிக்கை நான் வெறுக்கவில்லை. குழந்தைக் குல்லாவுக்கு அதுதான் நல்லது. பூச்சி அரிக்காது, துவைக்கச் சுலபம். ஆட்டின் பெயரைச் சொல்லி, ஆட்டின் விலையை வாங்கிக்கொண்டு, அதை விற்பதுதான் திருட்டு. பட்டு வாங்கும்போது ஓர் இழையைக் கொளுத்தி மோந்து பார்க்கிற ஊர் இது. கம்பளிக்கும் அதே சோதனைதான்: முடி கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். வாடையும் மணியும் சேர்ந்து வந்தால் கலப்பு நூல்.

அந்த அச்சு வாசகத்துக்குப் பயப்படாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். இன்றே கடைக்கு எழுத்தில் கொடுங்கள். அசையவில்லையென்றால் 1915 என்ற உதவி எண். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் தொகைக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருட அவகாசம் உண்டு என்று மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். கண்காட்சிக் கடை கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி: விக்டோரியா காலத்துப் பின்னல் புத்தகத்தின் நகல் என்று இணையச் சந்தையில் 450 ரூபாய் கட்டினேன். பாதிப் பக்கங்களைக் காணோம். விற்றவர் பதிலே சொல்வதில்லை.
– ஓமலூர் வாசகி

பதில்: வயிறு எரிகிறது. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. இன்னும் எரியப்போகிறது, கேளுங்கள்: பிஷப் ரிச்சர்ட் ரட் சேகரித்த அந்தக் காலப் பின்னல் நூல்களை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் 1940களின் பின்னல் தாள்களை இலவசமாகத் தருகிறது. அதற்காக 450 ரூபாயை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் ஓர் அம்மாள், நூல் நாங்கள் கொடுத்தும், ஒரு ஸ்வெட்டர் பின்ன 3,000 ரூபாய் கூலி கேட்கிறார். அநியாயம் இல்லையா?
– ஐந்து ரோடு வாசகர்

பதில்: மெல்லிய நூலில் கையால் பின்ன அறுபது மணி நேரமாவது ஆகும். வகுத்துப் பாருங்கள். அநியாயம்தான், அந்த அம்மாளுக்கு.

கேள்வி: பாட்டி பின்னிய அசல் கம்பளி ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் வெந்நீரில் போடலாமா?
– ஒண்டிக்கடை வாசகி

பதில்: போடலாம். பேத்தியின் பொம்மைக்குச் சரியாக இருக்கும்.