முதலில் வயதை எழுதுங்கள்: ஓரியோல்ஸ் பண்ணை, வாசகர் கேள்வி-பதில்

2025 சீசன் முடிந்ததும், பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் பண்ணையில் (மேஜர் லீகுக்கு ஆள் தயாராகும் அதன் மைனர் லீக் அணிகளில்) இருக்கும் பேட்டர்களை வரிசைப்படுத்தி நான் கொடுத்த பட்டியலுக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சாமுவேல் பசாயோ, டிலன் பீவர்ஸ், நேட் ஜார்ஜ் என்று முதல் மூன்று இடங்கள். பாதிக் கடிதங்களுக்கு மேல் ஆட்டக்காரரின் பெயரும் பேட்டிங் சராசரியும் (அட்-பேட்டில் எத்தனை பங்கு ஹிட் என்பது) மட்டுமே இருக்கின்றன. வயது இல்லை, எந்த லெவல் என்பதும் இல்லை. லெவல் என்றால் ரூக்கி லீக், லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று மேஜர் லீகுக்கு ஏறும் படி; 2025ல் ஓரியோல்ஸுக்கு டெல்மார்வா லோ-ஏ, அபர்டீன் ஹை-ஏ, பௌயி டபுள்-ஏ, நார்ஃபோக் டிரிபிள்-ஏ. அதை நானே தேடி எடுத்துத்தான் பதில் எழுத வேண்டியிருந்தது. பிட்சர்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடையாது. அது தனிக் கணக்கு.

பசாயோ மேஜர் லீகில் 31 ஆட்டம் ஆடி .165 தான் அடித்தார். அவர் எப்படி முதலிடம்?

31 ஆட்டம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சுமார் 110 அட்-பேட் (பேட் பிடித்த தடவைகள்; நாலு தப்பான பந்துக்குச் சும்மா கிடைக்கும் 'வாக்' இதில் சேராது). 2025 ஆகஸ்டில் மேலே கூப்பிட்டபோது அவருக்கு 21 வயது முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. ஆரோன் ஜட்ஜ் 2016ல் வந்தபோது 84 அட்-பேட்டில் 42 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி வெளியேறுவது), சராசரி .179. அடுத்த வருடம் 52 ஹோம் ரன். மைக் டிரவுட் 2011ல் முதல் தடவை வந்து .220 அடித்தார். அவ்வளவு தூரம் போவானேன், ஜாக்சன் ஹாலிடே 2024 ஏப்ரலில் 34 அட்-பேட்டில் 2 ஹிட் அடித்து நார்ஃபோக்குக்குத் திரும்பியதை இதே வாசகர்கள்தான் பார்த்தார்கள். ஜூலை கடைசி நாளில் மறுபடி வந்தார், அந்த ஆட்டத்திலேயே கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்க அடிக்கும் ஹோம் ரன்).

பசாயோ அந்த வருடம் நார்ஃபோக்கில் 76 ஆட்டத்தில் 23 ஹோம் ரன் அடித்திருக்கிறார். டிரிபிள்-ஏவில் அவருக்குப் பந்து போட்டவர்கள் பெரும்பாலும் 25, 26, 27 வயதுக்காரர்கள். மேலே வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அணி அவரோடு 8 வருடத்துக்கு 67 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது. ஒரு மாதக் கணக்கைப் பார்த்து அவரைக் கீழே இறக்க எனக்கு மனம் வரவில்லை, காரணமும் இல்லை.

பீவர்ஸும் பசாயோவும்தான் மேஜர் லீகில் ஆடிவிட்டார்களே. இன்னும் ஏன் பண்ணைப் பட்டியலில்?

2025 முடிவில் இருவரும் மேஜர் லீகில் 130 அட்-பேட் தாண்டவில்லை, 45 நாள் கணக்கையும் தாண்டவில்லை. ஆகவே அப்போது இன்னும் ரூக்கிதான், அதாவது புதுமுகம்.

அபர்டீனில் ஒருவர் நேட் ஜார்ஜை விட நிறைய ஹோம் ரன் அடித்தார். ஜார்ஜ் மூன்றாம் இடம், அந்த ஆள் உங்கள் முப்பது பேர் பட்டியலிலேயே இல்லை. இது பாரபட்சம் இல்லையா?

இந்தக் கேள்வி வருடம் தவறாமல் வருகிறது. ஆளின் பெயர் மட்டும் மாறும். நீங்கள் வயதை எழுதவில்லை. நான் எடுத்துப் பார்த்தேன்: 24. பெரிய கல்லூரியில் மூன்று வருடம் ஆடியவர், ஹை-ஏவில் இது இரண்டாவது சீசன். ஜார்ஜுக்கு 2025ல் 19. 2024 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுப்பது) 16வது ரவுண்டில், பள்ளியிலிருந்து நேராக எடுத்த பையன். 2025ல் ரூக்கி லீகில் ஆரம்பித்து, டெல்மார்வா போய், வருடம் முடிவதற்குள் அபர்டீன் வந்துவிட்டார். மூன்று லெவலும் சேர்த்து சராசரி .330க்கு மேல், ஸ்டீல் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது) 50 அளவில்.

வயது ஏன் முக்கியம் என்றால், லோ-ஏவிலும் ஹை-ஏவிலும் பாதிப் பிட்சர்களுக்கு ஃபாஸ்ட்பால் மட்டும்தான் கைவசம் இருக்கும். இரண்டாவது பந்து நினைத்த இடத்தில் விழாது. பெரிய கல்லூரி லீகில் மூன்று வருடம் வெள்ளிக்கிழமை இரவுப் பிட்சர்களை (ஒவ்வொரு அணியின் சிறந்த பிட்சரை) சந்தித்து வந்தவருக்கு அது பழகிப்போன சாப்பாடு. 19 வயதுப் பையனுக்கோ நல்ல ஸ்லைடரே (கடைசியில் வளையும் பந்து) புதிது. உடம்பும் இன்னும் நிறையவில்லை, தோள் அகலமாவதற்கு மூன்று நான்கு வருடம் இருக்கிறது. அந்த நிலையில் அவர் 22, 23 வயதுக்காரர்களோடு சமமாக ஆடுகிறார் என்றால், இப்போதைய எண்ணுக்குப் பின்னால் இன்னும் வர வேண்டிய பலம் இருக்கிறது. 24 வயதுக்காரர் அடித்த 20 ஹோம் ரன்னுக்குப் பின்னால் பெரும்பாலும் அப்படி எதுவும் மிச்சம் இருக்காது. அவர் ஏற்கெனவே வளர்ந்து முடித்த ஆள்.

இதே பண்ணையிலேயே பாருங்கள். கன்னர் ஹென்டர்சன் 2022 சீசனை பௌயியில், டபுள்-ஏவில், 20 வயதில் தொடங்கினார். ஸ்ட்ரைக்அவுட்டை விட அவருடைய வாக் கூடுதலாக இருந்தது. அவரைவிடச் சராசரி அதிகமானவர்கள் அந்த வருடம் மைனர் லீகில் எத்தனையோ பேர். ஆகஸ்ட் கடைசியில் அவர் மேஜர் லீகில் இருந்தார், 2023ல் அமெரிக்கன் லீகின் சிறந்த ரூக்கி. ஹாலிடே 19 வயதில், ஒரே வருடத்தில், டெல்மார்வாவிலிருந்து நார்ஃபோக் வரை நான்கு லெவலும் ஏறினார். இந்த இரண்டு பேருக்கும் முதலில் பார்க்க வேண்டிய எண் பிறந்த வருடம்தான்.

விதிவிலக்கு உண்டா என்றால் உண்டு. இதே பண்ணையில் இருந்த கைல் ஸ்டவர்ஸை நான் எப்போதுமே தாழ்வாகத்தான் வைத்தேன். கல்லூரி ஆள், வயது கூடுதல், ஸ்ட்ரைக்அவுட்டும் அதிகம். 2024ல் மயாமிக்குப் போனார், 2025ல் 27 வயதில் ஆல்-ஸ்டார். அவரைப் பற்றி நான் தப்பாகக் கணித்தேன். ஆனால் அவர் ஒருவருக்காக 24 வயது ஹை-ஏ பேட்டர்களை எல்லாம் மேலே ஏற்ற முடியாது. அவர்களில் பெரும்பாலானவர்கள் டபுள்-ஏவில் நின்றுவிடுகிறார்கள். வருடா வருடம் பார்க்கிறேன்.

என் நோட்டில் ஒவ்வொரு பேட்டருக்கும் முதல் கட்டம் வயது. அடுத்து லெவல், அடுத்து மைதானத்தில் நிற்கும் இடம், பிறகு வாக், ஸ்ட்ரைக்அவுட். சராசரி கடைசிக் கட்டம். நீங்கள் கடிதம் எழுதும்போதும் அந்த வரிசையில் எழுதினால் இருவருக்கும் நேரம் மிச்சம்.

மைனர் லீகில் 40 ஹோம் ரன் அடித்தவர் தோற்றுப்போக முடியுமா?

முடியும். பிராண்டன் வுட், ஏஞ்சல்ஸ் பண்ணை. 2005ல் கலிஃபோர்னியா லீகில், ராஞ்சோ குக்கமோங்காவில் 43 ஹோம் ரன். வயது 20, ஷார்ட்ஸ்டாப். நான் மேலே சொன்ன வயதுக் கணக்கில் தேறுகிறவர்தான். ஆனால் அந்த லீகில் காற்றும் வறட்சியும் பேட்டருக்குச் சாதகம். அடுத்த வருடம் டபுள்-ஏவில் ஸ்ட்ரைக்அவுட் 150ஐ நெருங்கியது, அப்போதே தெரிந்திருக்க வேண்டும். மேஜர் லீகில் மொத்தச் சராசரி .186.

ஆகவே எந்த மைதானம் என்று கேளுங்கள். ரீனோ, ஆல்புகெர்க்கி, லாஸ் வேகஸ் மாதிரி உயரமான, வறண்ட ஊர்களில் பந்து பறக்கும். ஃபுளோரிடாவின் ஈரக் காற்றில், பெரிய மைதானத்தில், அதே அடி கேட்ச் ஆகிவிடும். நார்ஃபோக் ஹார்பர் பார்க்கும் ஹோம் ரன்னை எளிதாகத் தராது, பசாயோவின் 23க்கு நான் மதிப்புக் கொடுப்பதில் அதுவும் சேர்த்தி. மேலே கேம்டன் யார்ட்ஸில்கூட இடப்பக்கச் சுவரை 2022ல் 25 அடிக்கு மேல் பின்னால் தள்ளினார்கள், 2025ல் மறுபடி முன்னால் கொண்டுவந்தார்கள். வலது கை பேட்டர்களின் ஹோம் ரன்னை வருடத்துக்கு வருடம் ஒப்பிடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கோபி மேயோ தேர்ட் பேஸில் ஆடினால் என்ன, ஃபர்ஸ்ட் பேஸில் ஆடினால் என்ன? பேட் அதேதானே?

பேட் அதேதான், அந்த பேட்டின் விலை வேறு. ஷார்ட்ஸ்டாப்பில் நின்று சுமாராக அடித்தாலே மேஜர் லீகில் வேலை உண்டு. ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போய்விட்டால் பேட் மட்டும்தான் சோறு போட வேண்டும். அங்கே முப்பது அணியிலும் அடிக்கத் தெரிந்தவர்களே நிற்கிறார்கள். மேயோ ஆறரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த உடம்போடு தேர்ட் பேஸில் குனிந்து பந்தெடுப்பது கஷ்டம் என்று 2020ல் நான்காவது ரவுண்டில் எடுத்த நாளிலிருந்தே பேச்சு இருந்தது. அவர் ஃபர்ஸ்ட் பேஸுக்கு நகர்ந்தார். 2025 டிசம்பரில் அணி ஃபர்ஸ்ட் பேஸ்காரர் பீட் அலோன்சோவை 5 வருடம், 155 மில்லியன் டாலருக்கு எடுத்துவிட்டது. அதோடு மேயோ நிற்க இடமே குறுகிவிட்டது. இடம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அலோன்சோ வந்துவிட்டார், கேட்சராக ரட்ச்மன் இருக்கிறார். பசாயோவுக்கு எங்கே இடம்?

கேட்சராகத்தான் அவரை வைத்திருக்கிறேன். கை பலம் பிரமாதம், பந்தை வாங்குவதும் தடுப்பதும் இன்னும் தேற வேண்டும். கேட்சர்கள் மெதுவாகத்தான் பழுப்பார்கள். கல்லூரியிலிருந்து முழுமையாக வந்த ஆட்லி ரட்ச்மனே 2022 மே மாதம், 24 வயதில்தான் வந்தார். ரட்ச்மன் மேல் அணிக்கு இருக்கும் உரிமை 2027 சீசனோடு முடிகிறது. அப்புறம் இந்தக் கேள்வியே இருக்காது.

என்ரிக்கே பிராட்ஃபீல்ட் 2024ல் 70க்கு மேல் ஸ்டீல் செய்தார். ஏன் முதல் மூன்றில் இல்லை?

20 முதல் 80 வரை போடும் மதிப்பெண்ணில் அவருடைய ஓட்டம் 70க்கு மேல், சென்டர் ஃபீல்டில் காவலும் 70. பவர் 30. மேல் லெவல் பிட்சர்கள் பவர் இல்லாத பேட்டரை அஞ்சுவதில்லை, நேராக ஸ்ட்ரைக் போடுவார்கள். வாக் குறையும். வாக் குறைந்தால் முதல் பேஸுக்கே போக முடியாது, அப்புறம் எங்கிருந்து ஸ்டீல்? இருந்தாலும் சென்டர் ஃபீல்ட் காவலுக்காகவே அவர் மேஜர் லீகில் ஆடுவார் என்று நம்புகிறேன்.

வான்ஸ் ஹனிகட் 2024ல் முதல் ரவுண்டு. இவ்வளவு கீழேயா?

ஹை-ஏவில் மூன்று முறை பேட் பிடித்தால் ஒரு முறைக்கு மேல் ஸ்ட்ரைக்அவுட். காவலும் பவரும் உண்மைதான். பந்து பேட்டில் படாதவரை அவை உதவாது.

வெஹிவா அலோய்?

பெயரை மட்டும் அனுப்பினால் எப்படி? சரி. 2025ல் ஆர்கன்சா கல்லூரிக்கு ஆடி கோல்டன் ஸ்பைக்ஸ் விருது (சிறந்த அமெச்சூர் ஆட்டக்காரருக்கானது) வாங்கியவர், டிராஃப்டில் 31வது. பவர் உண்டு. ஷார்ட்ஸ்டாப்பிலேயே நிற்பாரா என்பதுதான் கேள்வி. டபுள்-ஏவில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுதான் சல்லடை.

டொமினிகன் கோடை லீகில் 17 வயதுப் பையன் .380 அடிக்கிறான். சேர்ப்பீர்களா?

மாட்டேன். அங்கே எண்களுக்கு மதிப்பு மிகக் குறைவு. அமெரிக்கா வரட்டும்.

ஆல்பர்ட் புஜோல்ஸ் 402வது ஆளாகத்தான் தேர்வானார். பட்டியல்களை ஏன் நம்ப வேண்டும்?

1999ல், 13வது ரவுண்டு. சரியான தகவல், நன்றி. மைக் பியாஸா 1988ல் 62வது ரவுண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அது டிராஃப்ட் வரிசை. அந்த வயதில் பள்ளி, கல்லூரி மைதானத்தில் பார்த்துச் சொன்னது. பண்ணைப் பட்டியல் அதற்குப் பிறகு தினமும் ஆடுவதைப் பார்த்துத் திருத்திக்கொண்டே போவது. 16வது ரவுண்டு ஜார்ஜை நான் மூன்றாம் இடத்தில் வைத்திருப்பதே அப்படித்தான்.

தவறவிடுவதும் உண்டு, மறுக்கவில்லை. அந்தோனி சான்டாண்டரை கிளீவ்லாந்து 40 பேர் பட்டியலில் சேர்க்காமல் விட்டது. 2016 டிசம்பரில் ரூல் 5 (அப்படிப் பட்டியலில் சேர்க்காமல் விட்டவர்களை வேறு அணி எடுக்கும் முறை) வழியாக பால்டிமோர் எடுத்தது. 2024ல் அவர் 44 ஹோம் ரன் அடித்தார்.

அடுத்த சீசனில் மைதானத்துக்குப் போய்ப் பார்க்க ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?

பேட்டிங் பயிற்சியில் பறக்கும் பந்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்காருங்கள். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு வெளியே வளையும் ஸ்லைடருக்கு அந்தப் பையன் பேட்டை வீசுகிறானா, நிறுத்துகிறானா என்று நாலு இன்னிங்ஸ் பாருங்கள். குறித்துக்கொண்டு வந்து எழுதுங்கள். வயதையும் சேர்த்து.