காலையில் காணாமல் போகும் பலவீனம்

கேள்வி: எனக்கு வயது 36. அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஆறு மாதங்களாக மாலையானால் இடது கண் இமை தொங்குகிறது. சில நேரம் கரும்பலகை எழுத்து இரண்டாகத் தெரிகிறது. கடைசிப் பீரியடில் குரல் மூக்கால் வருகிறது. இரவில் சப்பாத்தியைப் பாதி மெல்வதற்குள் தாடை ஓய்ந்துவிடுகிறது. காலையில் எதுவும் இருப்பதில்லை. மூளை எம்ஆர்ஐ சரியாக இருக்கிறது. இரத்தசோகை, மன அழுத்தம் என்கிறார்கள். இது மயஸ்தீனியா கிராவிஸாக இருக்குமா? எப்படி உறுதிசெய்வது? – வாசகி, திருநெல்வேலி மாவட்டம்.

பதில்: உங்கள் கடிதத்தில் மருத்துவர் அடிக்கோடிட வேண்டிய வரி, ‘காலையில் எதுவும் இருப்பதில்லை’ என்பதுதான். இரத்தசோகையிலும் மன அழுத்தத்திலும் உடல் அசதியாக இருக்கும். ஆனால் அவற்றால் இமை தொங்காது, பார்வை இரட்டிக்காது. பெண்கள் அசதி என்று வந்தாலே இரும்புச்சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. உங்கள் அறிகுறிகளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

எம்ஆர்ஐ சரியாக இருப்பதில் வியப்பில்லை. நீங்கள் கேட்கும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோயில் கோளாறு இருப்பது மூளையில் அல்ல, நரம்பின் நுனி தசையைச் சந்திக்கும் இடத்தில். தசையை இயங்கச் சொல்ல நரம்பு சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகளை உடலின் எதிர்ப்புரதங்களே (ஆன்டிபாடி) தாக்குவதால், ஓய்ந்திருந்த தசை முதல் சில அசைவுகளுக்கு ஈடுகொடுத்துவிட்டு, வேலை தொடரத் தொடரத் தளர்ந்துபோகிறது. காலை பத்து மணிக்குப் பார்க்கும் மருத்துவரின் கண்ணுக்கு அது தப்பிவிடுவது இதனால்தான்.

ஆகவே மாலை நேரத்தில், முடிந்தால் பள்ளி முடிந்த கையோடு, நரம்பியல் நிபுணரைப் பாருங்கள். அதற்கு முன் ஒரு வாரம், காலையிலும் மாலையிலும் ஒரே வெளிச்சத்தில் முகத்தைப் படமெடுத்து வையுங்கள். ஒரே பாடப்பகுதியை இரு வேளையும் உரக்கப் படித்துக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். மருத்துவர் உங்களை ஒரு நிமிடம் கண் இமைக்காமல் மேலே பார்க்கச் சொல்லுவார். இமை மெல்ல இறங்கினால், துணியில் சுற்றிய பனிக்கட்டியை மூடிய கண்மீது இரண்டு நிமிடம் வைத்தெடுத்து, இமை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளப்பார். 2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்தால் சந்தேகம் வலுக்கும். செலவில்லாத இச்சோதனையைப் பலர் செய்யாமலே விட்டுவிடுவது எனக்கு வருத்தம்.

அடுத்தது, ஏற்பிகளுக்கு எதிரான எதிர்ப்புரதத்தைத் தேடும் இரத்தப் பரிசோதனை. அது பாசிட்டிவ் என்று வந்து, அறிகுறிகளும் பொருந்தினால் நோய் ஏறத்தாழ உறுதி. நெகட்டிவ் என்று வந்தால் கதவை மூடிவிடக் கூடாது: உடல் முழுதும் பரவிய நோயிலேயே சுமார் 85 சதவீதத்தினருக்குத்தான் அது தென்படும், கண்ணோடு நின்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கே தென்படும். அப்போது ‘மஸ்க்’ என்ற இன்னொரு தசைப் புரதத்தைத் தாக்கும் எதிர்ப்புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நரம்பை நொடிக்கு மூன்று முறை மின்சாரத்தால் தூண்டி, தசையின் பதில் 10 சதவீதத்துக்கு மேல் குறைகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. உங்கள் தொல்லை முகத்தில் இருப்பதால், கைத் தசையோடு நிறுத்தாமல் முகத் தசையிலும் அதைச் செய்ய வேண்டும். எல்லாம் குழப்பமாகவே இருந்தால் தசையின் தனித்தனி இழைகளின் மின்னசைவைப் பார்க்கும் ஒற்றைத் தசைநார் மின்பதிவு உதவும்; அது பெரிய மையங்களிலேயே கிடைக்கும். நோய் உறுதியானால் நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுப்பார்கள். ஏனெனில் நோயாளிகளில் 10 முதல் 15 சதவீதத்தினருக்குத் மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கக்கூடும்.

கடிதத்தை மட்டும் வைத்து இதுதான் நோய் என்று நான் சொல்ல மாட்டேன். தைராய்டு சார்ந்த கண்நோயும் பார்வையை இரட்டிக்கச் செய்யும் என்பதால் அந்தப் பரிசோதனையும் அவசியம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் வேலூர் சிஎம்சியிலும் நரம்பியல் துறை இருக்கிறது.

விடை தெரியும்வரை, சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் இந்நோயின் பலவீனத்தைக் கூட்டிவிடக்கூடும். விழுங்கும்போது தண்ணீர் மூக்கில் ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, ஒரே மூச்சில் இருபதுவரை எண்ண முடியாமல் போனாலோ, மறுநாள்வரை காத்திராமல் 108-ஐ அழைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.