கேளுங்கள், சொல்கிறேன்: செம்பு ஹெல்மெட்

(முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய பிறகு, முங்கு வேலைக்காரர்களின் பழைய செம்பு ஹெல்மெட்டைப் பற்றித்தான் அதிகக் கேள்விகள். அவற்றைப் பழுதுபார்ப்பது பல வருடம் என் தொழில் என்பதால் நானே பதில் சொல்கிறேன்.)

கடலடியில் அவ்வளவு அழுத்தம் இருக்கிறதே, இரும்பை விட்டுவிட்டுச் செம்பில் ஏன் செய்தார்கள்? நசுங்கிவிடாதா?

நசுங்காது. 'தலைக்கவசம்' என்று சொல்லிச் சொல்லியே அடி தாங்குகிற கவசம்தான் நம் மனதில் வருகிறது. கவிழ்த்த தண்ணீர்ச் சொம்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் சொம்பைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று நிற்கும் அல்லவா? அதேதான். ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் மேலிருந்து பம்ப் காற்றை அனுப்பிக்கொண்டே இருக்கும். உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமம். அப்புறம் எதற்கு நசுங்கப்போகிறது?

செம்புத் தகடு தட்டத் தட்டக் கிழியாமல் வளைந்து கொடுக்கும். உப்புத் தண்ணீரில் இரும்பைப் போலத் துருப்பிடித்து உதிராது. பித்தளை வளையங்களை அதில் சுலபமாகப் பற்றவைக்கலாம். கனம் என்று பார்த்தால், 1916 முதல் 1980கள் வரை அமெரிக்கக் கடற்படையில் இருந்த 'மார்க் ஃபைவ்' ஹெல்மெட், மார்புத் தகட்டோடு சேர்த்துச் சுமார் 25 கிலோ. காற்று நிறைந்த உருண்டை மேலே கிளம்பத்தானே பார்க்கும்? அதனால் அந்தக் கனமும் போதாமல் காரீயம் வைத்த காலணி, இடுப்பில் காரீயப் பட்டை என்று போட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள்.

கண்டுபிடித்தவர் சீபே என்பது சரியா?

பாதி சரி. புகை மண்டிய இடத்துக்குள் நுழைவதற்காக சார்லஸ் டீன் 1823ல் ஒரு ஹெல்மெட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதையே பிறகு அவரும் அவர் சகோதரர் ஜானும் கடலுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அதன் அடிப்பக்கம் திறந்தே இருக்கும். குனிந்தாலோ விழுந்தாலோ தண்ணீர் உள்ளே ஏறிவிடும். சாக்சனியில் பிறந்து லண்டனில் பட்டறை வைத்திருந்த அகஸ்டஸ் சீபே, 1830களில் ஹெல்மெட்டை ரப்பர் உடையோடு நீர் புகாமல் இணைத்துப் பெயர் வாங்கினார். என் கணக்கில் டீன் சகோதரர்களுக்கும் பாதிப் பெருமை சேர வேண்டும்.

ஹெல்மெட்டில் மிக முக்கியமான பாகம் எது? கண்ணாடியா?

இல்லை. பின்பக்கம், காற்றுக் குழாய் வந்து சேரும் முழங்கை மூட்டில் இருக்கிறது அது: ஒருவழி வால்வு. காற்றை உள்ளே விடும், திரும்பிப் போக விடாது.

30 மீட்டர் ஆழத்தில் ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். அவர் உடம்பின் மேல் மொத்தம் 4 வளிமண்டல அழுத்தம். மேலே படகுக்குப் பக்கத்தில் குழாய் அறுந்துவிட்டது. இந்த வால்வு இல்லையென்றால் ஹெல்மெட்டுக்குள் இருந்த காற்று குழாய் வழியே மேலே ஓடிவிடும். உள்ளே அழுத்தம் விழுந்துவிடும், உடம்பின் மேல் இருக்கும் அழுத்தமோ அப்படியே இருக்கும். உடை வெறும் துணியும் ரப்பரும். செம்பு மட்டும் வளையாது. சதையையும் ரத்தத்தையும் தண்ணீர் அந்த உருண்டைக்குள் நெருக்கித் தள்ளும். இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அதனால் எந்த ஹெல்மெட் கைக்கு வந்தாலும் முதலில் அந்த மூட்டில் வெளியிலிருந்து வாயை வைத்து உறிஞ்சிப் பார்ப்பேன். வால்வு அடைத்துக்கொண்டு நாக்கு பித்தளையில் ஒட்ட வேண்டும். ஒருமுறை ஒட்டவில்லை. செம்பு வாடையோடு காற்று மெல்ல வந்தது. கழற்றினால், வால்வு உட்காரும் இடத்தில் ஒரே ஒரு சணல் இழை. முந்தின நாள்வரை ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறார். அந்த இழையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

முகக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சின்னக் குழாய் ஒன்று இருக்கிறதே, குடிப்பதற்கா?

கண்ணாடியில் ஆவி படிந்தால் கையால் துடைக்க முடியாதே! அந்தக் குழாயைத் திருகி ஒரு வாய் கடல் தண்ணீரை உறிஞ்சி, கண்ணாடியின் மேல் உமிழ்வார்கள். பளிச்சென்று தெரியும். வரும் காற்றையே கண்ணாடிகளின் மேல் வீசச் செய்யும் தட்டையான பாதைகளும் உள்ளே உண்டு. ஆனாலும் இந்தக் குழாயை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது.

எங்கள் வரவேற்பறையில் ஒன்று இருக்கிறது. அசலா, அலங்காரமா?

காற்று வரும் முனைக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். அலங்காரத்துக்குச் செய்தவற்றில் பெரும்பாலும் துளையே இருக்காது, அல்லது துளை இருந்து வால்வு இருக்காது. அடுத்து, தலைப்பகுதியைப் பிரித்துக் கழுத்து மரையைப் பாருங்கள். பல அசல்களில் மரை முழுச் சுற்றும் ஓடாது, இடைவெளி விட்டு விட்டு இருக்கும். எட்டில் ஒரு பங்கு திருப்பினாலே பூட்டிக்கொள்ளும். தலைக்கும் மார்புத் தகட்டுக்கும் ஒரே எண் பொறித்திருக்கிறதா என்றும் தேடுங்கள். இருந்தால் எனக்கு எழுதுங்கள். எதையும் பளபளவென்று தேய்ப்பதற்கு முன்னால் எழுதுங்கள். எண்கள் ஆழமில்லாதவை, தேய்த்தால் போய்விடும்.