பிசின், கொம்மி, ரெசின்: கேள்வி பதில்

வார்னிஷ் தொழிலில் முப்பது வருடம் இருந்தேன், ஓய்வு பெற்ற பிறகு கிரேக்கம் படிக்க ஆரம்பித்தேன். இரண்டும் சந்திக்கிற இடம் பிசின். அதன் கிரேக்க, ஆங்கிலப் பெயர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். எந்தப் பிசின் மூட்டுவலிக்கு நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கே மூட்டுவலி இருக்கிறது.

தபால்தலைப் பிரியர்: சார், ஆங்கிலத்தில் 'கம்' என்கிறார்களே, அது கிரேக்கச் சொல்லா?

கிரேக்கம் வழியாக வந்த எகிப்தியச் சொல். கிரேக்கர்கள் அதைக் 'கொம்மி' என்றார்கள், லத்தீனில் கும்மி, கும்மா என்று ஆகி, பிரெஞ்சில் கொம் ஆகி, இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைப் பற்றி எழுதும்போது, ஒரு முள்மரத்தில் படகு செய்கிறார்கள், அந்த மரத்தின் கண்ணீர்தான் கொம்மி என்கிறார். மரத்தில் வடிவதைக் கண்ணீர் என்பது கிரேக்கர்களுக்குச் சர்வசாதாரணம். பிணத்தைப் பதப்படுத்துவது பற்றிய இடத்திலும் இந்தச் சொல் வருகிறது: சுற்றுகிற துணியில் கொம்மி பூசுவார்கள், எகிப்தியர் பசைக்குப் பதிலாகப் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்கிறார். பசைக்கு அவர் போடும் சொல் 'கொல்லா', அது வேறு. கொல்லாஜென், கொலாய்டு எல்லாம் அதிலிருந்து வந்தவை. பாப்பிரஸ் சுருளின் முதல் தாளாக ஒட்டியதைத்தான் புரோட்டோகொல்லோன் என்றார்கள், இன்று அமைச்சர்களுக்குப் பின்னால் ஓடும் புரோட்டோகால் அதிகாரியின் பதவிப் பெயர் அங்கிருந்து வருகிறது. கொம்மி என்ற சொல் கிரேக்கத்தில் பல இடங்களில் வேற்றுமை உருபு ஏற்காமல் அப்படியே நிற்கும். வெளியூர்க்காரர் என்பது முகத்திலேயே தெரியும்.

பல்வலி: அப்போ பல் ஈறுக்கும் கம் என்கிறார்களே, பல்லோடு ஒட்டியிருப்பதாலா?

இல்லை. அது பழைய ஆங்கிலத்தில் வாயின் உட்புறத்தைக் குறித்த கோமா என்ற சொல். உச்சரிப்பு ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இன்று பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்: ஒரே மாதிரி ஒலிப்பதெல்லாம் உறவு ஆகாது.

புது வார்னிஷ்காரன்: ஐயா, கம் என்றாலும் ரெசின் என்றாலும் ஒன்றுதானே? தமிழில் இரண்டுமே பிசின்தானே?

தம்பி, வேலையில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். சீட்டில் 'கம் டாமர்' என்று எழுதியிருந்தது, கம் ஆயிற்றே என்று ஒரு வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டேன். காலையில் பார்த்தால் கூழாங்கல் மாதிரி அப்படியே கிடக்கிறது, பெயரில்தான் கம், டாமர் ஒரு மரத்து ரெசின். மேஸ்திரி ஒரு வாரம் சிரித்தார். வேதியியல்படி கம் என்பது சர்க்கரைச் சங்கிலி, தண்ணீரில் கரையும் அல்லது ஊதும், சாராயத்தில் கரையாது. ரெசின் நேர்மாறு, தண்ணீரைச் சட்டை செய்யாது, பெரும்பாலும் சாராயத்திலோ டர்பென்டைனிலோ கரையும். நெருப்பில் காட்டினால் கம் கருகும், ரெசின் உருகிப் புகைந்து எரியும். கிரேக்கர்களிடம் ரெசினுக்குத் தனிச்சொல் உண்டு, 'ரேத்தீனே'. தாவரங்களைப் பற்றி எழுதிய பழைய கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் அதை மரவாரியாகத் தரம் பிரித்து, தெரெபிந்தோஸ் மரத்து ரெசினுக்கு முதலிடம் கொடுக்கிறார், டர்பென்டைன் என்ற பெயரே அந்த மரத்தினுடையது. ஆங்கில வியாபாரிகள்தான் ஒட்டுகிற எல்லாவற்றுக்கும் கம் என்று சீட்டு எழுதிவிட்டார்கள். ஆகவே பெயரை நம்பாதீர்கள், ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

வயலின் மாணவி: வில்லில் தேய்க்கும் ரோசினும் ரெசினும் ஒரே சொல்லா சார்?

ஒரே சொல்லின் திரிபு. பைன் ரெசினைக் காய்ச்சி டர்பென்டைன் எண்ணெயை வடித்தபின் மிஞ்சுகிற கட்டிதான் ரோசின். அதன் இன்னொரு பெயர் கொலோஃபோனி, இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த கொலோஃபோன் என்ற கிரேக்க நகரத்தின் பெயர்.

மதுரைக்காரன்: பாதாம் பிசின் கம்மா, ரெசினா? உடம்புக்குக் குளிர்ச்சிதானே?

ஜிகர்தண்டாவில் ஊதி நிற்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம், கம்தான். குளிர்ச்சியை மருத்துவரிடம் கேளுங்கள்.

மெல்லும் வாய்: சூயிங்கம்முக்குக் கிரேக்கத்தில் என்ன?

இதற்கு இரண்டு பதில். பழைய காலத்தில் மென்றது 'மஸ்திக்கே' என்ற மரப்பிசின். கிரேக்கத்தின் கியோஸ் தீவின் தெற்கே 24 கிராமங்கள் இதற்காகவே பெயர் போனவை. மரத்தடியைப் பெருக்கி, வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணைப் பரப்பி, பட்டையில் சின்னச் சின்னதாகக் கீறிவிடுவார்கள், சொட்டி உறைகிற துளிகளுக்கு இன்றும் கண்ணீர் என்றுதான் பெயர். அந்த வேலைத்திறனை 2014இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. வாயில் போட்டால் முதலில் பொடிப்பொடியாக உடையும், பொறுமையாக மென்றால் மெழுகு போலத் திரளும். பல்லைக் கடிப்பதற்கான கிரேக்க வினையோடு உறவுள்ள பெயர், ஆங்கிலத்தில் மெல்லுவதற்கான மாஸ்டிகேட்டும் இதே குடும்பம். ஆங்கிலத்தில் இதற்கும் 'கம் மாஸ்டிக்' என்று பெயர், ஆனால் இது ரெசின், தண்ணீரில் போட்டால் கரையாது.

இன்றைய கிரேக்கத்தில் சூயிங்கம் 'ட்சிக்லா'. அது மெக்சிகோவின் நவாட்டில் மொழிச் சொல்லிலிருந்து ஸ்பானிய 'சிக்லே' வழியாக வந்தது. சிக்லே எந்த மரத்துப் பால் தெரியுமா? நம் வீட்டுச் சப்போட்டா! அது கம்மும் இல்லை, ரெசினும் இல்லை, மரப்பால்.

சாம்பிராணி: பெயரைப் பார்த்தாலே தெரியும் என் கேள்வி.

தெரிகிறது. நாம் போடும் சாம்பிராணியை ஆங்கிலத்தில் பென்சாயின் என்பார்கள். அரபியில் 'லுபான் ஜாவி', ஜாவாவின் லுபான், லுபான் என்றால் குந்துருக்கம் என்ற வாசனைப் பிசின். ஐரோப்பியர் முதலில் வந்த 'லு'வைத் தங்கள் மொழியில் ஆங்கில 'தி' மாதிரி வரும் சுட்டு என்று நினைத்து வெட்டிவிட்டார்கள், மிச்சம் பென்சாயின் ஆயிற்று. அதன் அமிலத்திலிருந்து 1833இல் ஜெர்மன் வேதியியலாளர் மிட்ஷர்லிஷ் தயாரித்த திரவம்தான் பென்சீன். குந்துருக்கத்தின் கிரேக்கப் பெயர் 'லிபனோஸ்', அதுவும் லுபானும் வெண்மையைக் குறிக்கும் ஒரே செமிட்டிக் வேர்.

வேர்ச்சொல் வேந்தன்: ஐயா மறைக்கிறீர்கள். பிசின், ரெசின். எதுகை கண்ணுக்குத் தெரியவில்லையா? நம் பிசின்தான் கப்பலேறி ரெசின் ஆனது.

எதுகை கவிதைக்கு உதவும். ஆங்கில ரெசினுக்கு முன்னால் லத்தீன் 'ரெசீனா', அதன் பக்கத்தில் கிரேக்க 'ரேத்தீனே'. இரண்டுமே ஏதோ பழைய மத்தியதரைக்கடல் மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்பது அறிஞர்கள் கருத்து. முதலெழுத்து ப எங்கே போயிற்று? பிப்பலி, அதாவது திப்பிலி, கிரேக்கம் போய்ப் 'பெப்பெரி' ஆனபோது ப பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததே, பிசினின் ப மட்டும் கடலில் விழுந்ததா?

வேர்ச்சொல் வேந்தன்: சரி, ரெசினை விடுங்கள். கீலுக்கு, அதாவது தாருக்கு, கிரேக்கத்தில் 'பிஸ்ஸா'. பிஸ்ஸா, பிசின். இப்போது ப இருக்கிறது!

இது நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏதென்ஸ்காரர்கள் அதையே 'பித்தா' என்றார்கள். ஓரிடத்தில் ஸ்ஸ, ஏதென்ஸில் த்த என்று மாறினால், அடியில் பெரும்பாலும் ககரமும் யகரமும் சேர்ந்து கிடந்திருக்கும். லத்தீனில் அந்த ககரம் வெளியே தெரிகிறது: 'பிக்ஸ்', அதன் அடி 'பிக்'. ஆங்கில 'பிட்ச்' அதிலிருந்து வந்தது. ஆக உங்கள் பிஸ்ஸாவின் ஸகரம் பிற்பாடு முளைத்தது, நம் பிசினின் சகரமோ பிசுபிசுப்பு, பிசுக்கு என்று குடும்பத்தோடு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது.

மூக்குப்பொடி: இரண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள். பெருங்காயம்?

அசஃபோடிடா. முதல் பாதி பாரசீகப் பிசின், மறுபாதி லத்தீன் நாற்றம். பக்குவத்தைச் சமையல் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

புதியவன்: சார், பல் ஈறுக்கு ஏன் கம்?

மேலே பாருங்கள்.

இன்னொரு புதியவன்: பிசின்தான் ரெசினா?

மேலே பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

வேர்ச்சொல் வேந்தன்: கடைசியாக ஒன்று ஐயா. பசைக்குக் 'கொல்லா' என்றீர்கள். இரும்பை ஒட்டவைப்பவன் கொல்லன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உலையை அணைத்துவிட்டேன், போய்த் தூங்குங்கள்.